'இல்லை' என்பதும் ஒரு பதில்தான்

'உங்களைத் தொடர்பு கொள்கிறோம்.'

இந்த மூன்று வார்த்தைகளை நீங்கள் எப்போதாவது நம்பியிருக்கிறீர்களா?

நான் நம்பியிருக்கிறேன். வேலை தேடி அலைந்த வயதில், ஒரு கம்பெனி மேனேஜர் சிரித்துக்கொண்டே கை கொடுத்து, 'லெட்டர் போடறோம் தம்பி' என்றார். அதற்கப்புறம் நாலு மாசம், தெருவில் தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் போதும்... சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடுவேன். அவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். வேலை கிடைக்காதது அப்போது எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்றே தெரியாமல் நின்றேனே, அதுதான் வலித்தது.

இன்றைக்குத் தபால்காரர் இடத்தில் செல்போன் வந்துவிட்டது. வாசலுக்கு ஓடுகிற ஓட்டம் மட்டும் மாறவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி ராத்திரி. திருவண்ணாமலையில் கிரிவலம் போய்க்கொண்டிருந்தேன். மொத்தம் 14 கிலோமீட்டர். செருப்பில்லாத கால். அக்னி லிங்கம் தாண்டும்போதே முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. எமலிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞர். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயசு இருக்கும். டீ ஆறிக்கொண்டிருக்கிறது. இவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை செல்போனைத் தொட்டுப் பார்ப்பதும், பாக்கெட்டில் போடுவதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தார்.

'யாராவது கூப்பிடணுமா தம்பி?' என்றேன்.

'இல்ல சார்... ஒரு மெயில். ராத்திரி பதினோரு மணிக்கு எவன் அனுப்பப் போறான்? தெரியுது. ஆனா கை நிக்க மாட்டேங்குது.'

சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், மல்லாட்டை போடுகிறார். வீட்டில் இவர்தான் முதல் பட்டதாரி. இன்ஜினீயரிங். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்திருக்கிறார், அது முடிந்துபோனது. இப்போது திருவண்ணாமலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு வேலை விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கிறார்.

'எத்தனை அப்ளிகேஷன் போட்டேன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வந்தேன் சார். நூத்தி நாப்பதோட எழுதறதை நிறுத்திட்டேன்.'

கடைசியாகப் போன கம்பெனியில் ஐந்து ரவுண்டு. முதலில் ஆன்லைன் டெஸ்ட். அப்புறம் டெக்னிக்கல் இன்டர்வியூ. மூன்றாவதாக, 'இதைச் செய்து அனுப்புங்கள்' என்று ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டு ராத்திரி தூங்காமல் செய்து அனுப்பினார். நாலாவது மேனேஜர். ஐந்தாவது ஹெச்.ஆர். 'எப்போது சேர முடியும்?' என்று கேட்டிருக்கிறார்கள். 'நாளைக்கே' என்றிருக்கிறார். 'ரெண்டு நாள்ல சொல்றோம்' என்றார்களாம்.

'அதோட எழுவத்தி நாலு நாள் ஆச்சு சார். ரெண்டு மெயில் போட்டேன். பதிலே இல்ல. ரிஜெக்ட்டுனு ஒத்த வார்த்தை அனுப்பினாக்கூட வீட்ல சொல்லிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். அம்மா தெனமும் ஒரே கேள்விதான் கேக்கும், 'வந்துச்சாப்பா?'ன்னு. நான் என்னான்னு சொல்றது?'

நிருதி லிங்கம் வந்தபோது அவர் குரல் இறங்கியது. சென்னையில் ஒரு கன்சல்டன்சிக்காரர் பழக்கமாம். ஐம்பதாயிரம் கொடுத்தால் மூன்று வருட அனுபவம் 'ரெடி' பண்ணித் தருவாராம். சம்பளச் சீட்டு, வேலையிலிருந்து விடுவித்த கடிதம், எல்லாம் உண்டு. யாராவது போன் பண்ணி விசாரித்தால், 'ஆமாம், எங்களிடம்தான் வேலை பார்த்தார்' என்று சொல்வதற்கும் ஆள் உண்டு.

'இது தப்பா சார்? ரெண்டு நாள்ல சொல்றோம்னு அவங்க சொன்னது பொய்தானே? அவங்க சொன்னா அது பாலிசி. நான் சொன்னா மட்டும் ஃப்ராடா?'

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? எனக்கு உடனே எதுவும் வரவில்லை. 'தப்பு தம்பி' என்று சொல்வது சுலபம். மாதச் சம்பளமோ பென்ஷனோ வாங்கிக்கொண்டிருக்கிறவன் சொன்னால் இன்னும் சுலபம். அதனால் பேசாமல் நடந்தேன்.

இது அவர் ஒருத்தர் கதை இல்லை. அதையும் நாம் பார்க்க வேண்டும்.

2022 ஜூலை 24. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ரிசல்ட் வந்தது 2023 மார்ச் 24. நாள் பிசகாமல் எட்டு மாதம். குரூப் 2 இன்னும் நீளம். முதல்நிலைத் தேர்வு 2022 மே மாதம், முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி, அதன் ரிசல்ட் 2024 ஜனவரி. முதல் பரீட்சை நடந்த அன்றைக்குப் பிறந்த குழந்தை, ரிசல்ட் வந்தபோது வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஆசிரியர் கதை தெரியுமா? 2013 ஆகஸ்ட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றவர்களில் பலருக்குப் பணி கிடைக்கவில்லை. 2018-ல் ஓர் அரசாணை வந்தது, தகுதித் தேர்வில் தேறினால் போதாது, தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று. பத்து வருடம் கழித்தும் அவர்கள் சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்த வேண்டிய வயசு, பாயில் உட்கார்ந்தே போய்விட்டது.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் விடியற்காலையில் ரோட்டில் ஓடுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். மிலிட்டரிக்கு ஆள் எடுப்பார்கள் என்று ஓடுகிறவர்கள். நாடு முழுக்க இப்படி ஓடி, உடல் தகுதியிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்கள் ஏராளம். கொரோனாவில் எல்லாம் தள்ளிப்போனது. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. பழைய தேர்வு நடைமுறை அப்படியே ரத்து. புதிதாக விண்ணப்பியுங்கள் என்றார்கள்.

தனியார் மட்டும் என்ன? 2022-ல் ஆஃபர் லெட்டர் வாங்கிய இன்ஜினீயரிங் பட்டதாரிகளில் ஒரு பகுதியினர், இன்ஃபோசிஸில் வேலைக்குச் சேர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் அப்பாக்கள் தலைமுறைக்கும் ஒரு காத்திருப்பு இருந்தது. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் கார்டு. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சீனியாரிட்டி போச்சு. ஆனால் அந்த வரிசையில் ஒரு நியாயம் இருந்தது. முன்னால் நிற்பவர் நகர்ந்தால் நாமும் நகர்வோம் என்கிற நம்பிக்கை. இன்றைக்கு வரிசையும் தெரியவில்லை, முன்னால் எத்தனை பேர் என்றும் தெரியவில்லை.

தாமதத்துக்குக் காரணமே இல்லையென்று நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கில் விடைத்தாள், இட ஒதுக்கீட்டுக் கணக்கு, கோர்ட் கேஸ், எல்லாம் உண்டு. ஆனால் 2024 ஜூன் 9-ல் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய குரூப் 4-க்கு, அக்டோபர் 28-லேயே ரிசல்ட் வந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மனசு வைத்தால் முடிகிறது!

சரி, காத்திருப்பு ஒரு மனுஷனை என்ன செய்யும்? 

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சின்ன ஊர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. 1930-வாக்கில் ஆலையை மூடிவிட்டார்கள். மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஜைசல் என்ற மூன்று ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அங்கே போய், வேலையில்லாத மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தார்கள். 1933-ல் புத்தகமாக வந்த ஆராய்ச்சி அது. இன்றைக்கும் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள்.

வேலை இல்லையென்றால் நேரம் நிறைய இருக்குமே, நூலகத்தில் கூட்டம் அலைமோத வேண்டும் அல்லவா? நேர்மாறாக நடந்தது. நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோயிருந்தது. பல ஆண்கள் கடிகாரம் எடுத்துப் போவதையே விட்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் ஒரு ஜன்னலோரமாக நின்று, ஊரின் முக்கியத் தெருவில் மக்கள் எப்படி நடக்கிறார்கள் என்றுகூடக் கணக்கெடுத்தார்கள். வேலையிழந்த ஆண்கள் அந்தச் சின்னத் தெருவைத் தாண்டுவதற்குள் நின்று நின்று போனார்கள். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். ஏனென்றால் அவர்களுக்கு வீட்டில் அடுப்பும் துணியும் குழந்தையும் காத்திருந்தன. வேலை என்று ஒன்று அவர்களுக்கு மிச்சமிருந்தது.

சம்பளம் போனதைவிடப் பெரிய நஷ்டம் இது. எங்கேயும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை என்று ஆனவுடன், கால் தானாகத் தயங்க ஆரம்பித்துவிடுகிறது. நம் ஊர் டீக்கடை பெஞ்சில், பேப்பரின் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வருகிற இளைஞனைப் பார்த்து, 'சோம்பேறி' என்று சொல்லுமுன் மரியன்தாலை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஒருத்தரைப் பதில் சொல்லாமல் காக்க வைப்பவர் அவருடைய நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. நடையையும் எடுத்துக்கொள்கிறார்.

இது நம் பழைய புலவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. பரிசு கேட்டுப் போகிறார்கள், ராஜா தருகிறேன் என்கிறார், நாள் ஓடுகிறது, தரவில்லை. அப்போது பாடுகிற பாட்டுக்கு என்றே ஒரு துறை வைத்திருக்கிறார்கள், 'பரிசில் கடாநிலை' என்று. ரிசல்ட் வராதவர்களுக்காகத் தமிழில் ஒரு தனித் துறை!

புறநானூற்றில் 196-ஆவது பாட்டு. ஆவூர் மூலங்கிழார் பாடியது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பரிசு தரத் தாமதித்தபோது, மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறார். சாரம் இதுதான்: முடிந்ததை முடியும் என்று சொல்லிக் கொடுப்பதும், முடியாததை இல்லை என்று மறுப்பதும், இரண்டுமே நல்லவர்கள் செய்கிற காரியம். முடியாததை முடியும் என்பதும், முடிவதை இல்லை என்பதும் கேட்டு வந்தவனையும் வாட்டும், கொடுக்க வேண்டியவன் பெயரையும் கெடுக்கும்.

கவனித்தீர்களா? 'இல்லை' என்று மறுப்பதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அதையும் பெரிய மனுஷத்தனத்தில் சேர்க்கிறார். பிடிக்காததெல்லாம் இழுத்தடிப்பதுதான். இவ்வளவும் சொல்லிவிட்டு, ராஜாவையும் அவர் பிள்ளைகளையும் வாழ்த்திவிட்டு, வீட்டில் வறுமையில் இருக்கும் மனைவியை நினைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கெஞ்சவில்லை. 'நாளைக்கு வரட்டுமா?' என்று தலையைச் சொறியவில்லை. அந்தக் காத்திருப்புக்கு அவரே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

இதை நான் சொன்னபோது இளைஞர் சிரித்தார். 'புலவருக்குப் பாட்டாவது இருந்துச்சு சார். எனக்கு என்ன இருக்கு?'

அதற்குள் அடி அண்ணாமலை வந்துவிட்டது. மலை நிலா வெளிச்சத்தில் வலது பக்கம் அப்படியே நிற்கிறது. கிரிவலத்தில் ஒரு விசேஷம், எவ்வளவு நடந்தாலும் மலை கிட்டே வராது, தள்ளியும் போகாது. கூடவே இருக்கும். இந்த ஊரில் நின்றுகொண்டு அவர் கேள்விக்குப் பதில் தேட, வேறெங்கும் போக வேண்டாம் என்று தோன்றியது. ஊருடைய கதையே அதுதானே?

பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று போட்டி. நடுவில் சிவன் நெருப்புத் தூணாக நிற்கிறார். முடியைப் பார்க்க பிரம்மா அன்னமாகப் பறந்தார். அடியைப் பார்க்க விஷ்ணு பன்றியாகப் பூமியைத் தோண்டிக்கொண்டு போனார். போனார்கள், போனார்கள்... முடிவே இல்லை. எத்தனை ரவுண்டு என்றே சொல்லப்படாத இன்டர்வியூ அது! களைத்துப்போன பிரம்மா, மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, 'நான் முடியைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்' என்றார். தாழம்பூவும் வந்து சொன்னது.

'அப்போ தாழம்பூதான் அந்தக் காலத்து கன்சல்டன்சியா சார்?' என்றார் இளைஞர். நான் நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்.

பொய் வெளிப்பட்டது. பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போனது, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லாமல் போனது என்று புராணம். விஷ்ணு திரும்பி வந்து, 'என்னால் பார்க்க முடியவில்லை' என்றார். அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் கதையாகவே எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு பேருமே தோற்றார்கள். திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: 'பெருமாளுக்கு எஜுகேஷன் லோன் இல்ல சார்.'

சிரித்துவிட்டேன். ஆனால் சிரிப்போடு விடக்கூடிய வார்த்தை இல்லை அது. வயிறு நிறைந்தவனுக்கு நேர்மை மலிவு. கடன்காரனுக்கு அது விலை அதிகம். அதனால் புராணத்தை ஓரமாக வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த கணக்கில் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் கணக்கு. எழுபத்து நாலு நாளாகப் பதில் சொல்லாத அந்த ஹெச்.ஆர்.மேல் உங்களுக்குக் கோபம். நியாயமான கோபம். ஆனால் நீங்கள் சொல்லப் போகிற பொய் அவரைத் தொடவே தொடாது. அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். பொய்யான மூன்று வருட அனுபவத்தைக் காட்டி நீங்கள் வாங்குகிற வேலை, உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுடையது. அவனும் ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தவன்தான். நிஜமாகவே மூன்று வருடம் எங்கேயோ ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்தவன். அடித்தவனை விட்டுவிட்டு, கூட அடிவாங்கியவனை அடிப்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது கணக்கு. காத்திருக்க முடியவில்லை என்றுதானே இந்தக் குறுக்கு வழி? வேலை கிடைத்த பிறகும் நீங்கள் காத்திருக்கத்தான் போகிறீர்கள். பழைய கம்பெனிக்கு எப்போது போன் பண்ணுவார்கள், பி.எஃப். கணக்கை எப்போது சரிபார்ப்பார்கள் என்று. மேனேஜர் 'கொஞ்சம் உள்ளே வாங்க' என்று கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்கும். இந்தக் காத்திருப்புக்கு ரிசல்ட் தேதியே கிடையாது.

'அப்போ இப்படியே உக்காந்திருக்கணுமா சார்?'

வேண்டாம். அங்கேதான் விஷ்ணுவும் மூலங்கிழாரும் நமக்கு உதவுகிறார்கள். பொய் சொல்லாமல் இருந்தது அவர்கள் பெருமையில் பாதி. மீதிப் பாதி, திரும்பி வரத் தெரிந்தது. பதில் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. எதுவரை காத்திருப்பது என்பது நம் கையில் இருக்கிறது. அதைப் போய் அவர்களிடம் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

தனியார் வேலையா? இன்டர்வியூ முடிந்து எழுந்திருக்கும்போதே, 'எப்போது தெரியும் சார்?' என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. சொன்ன தேதிக்கு மேல் பத்து நாள் விடுங்கள். மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். இன்னும் ஒரு வாரம். அதற்கும் பதில் இல்லையென்றால், நோட்டில் அந்தக் கம்பெனிக்கு நேராக நீங்களே 'இல்லை' என்று எழுதிவிட்டு மூடுங்கள். அப்புறம் கூப்பிட்டால் லாபம். கூப்பிடாவிட்டால் நஷ்டம் இல்லை. அவர்கள் தர மறந்த பதிலை நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்கிறீர்கள்.

அரசுத் தேர்வா? ஆரம்பிக்கும்போதே வீட்டாரோடு உட்கார்ந்து, எத்தனை வருடம், எந்த வயசு வரை என்று பேசி ஒரு பேப்பரில் எழுதிவிடுங்கள். நடுவில் கிடைக்கிற வேலையைச் சின்னது என்று தள்ளாதீர்கள். சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை. காலையில் ஒன்பது மணிக்கு ஓரிடத்தில் இருந்தாக வேண்டும் என்பதே ஒரு மருந்து, மரியன்தால் ஆண்கள் தொலைத்தது அதைத்தான். செல்போனைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்கள். வர வேண்டிய மெயில், நீங்கள் பார்க்கவில்லை என்று திரும்பிப் போய்விடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் 'வந்துச்சா?' என்று கேட்காதீர்கள். அக்கறையில்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் வந்தால் முதலில் உங்களிடம்தானே ஓடி வரப் போகிறான்? கல்யாண வீட்டுப் பந்தியில், சாம்பார் வாளி வருவதற்குள் 'இப்போ என்ன பண்றே?' என்று விசாரிக்கிற மாமாக்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கும்தான். கனடாவில், நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில், 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி வந்திருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் விளம்பரம் கொடுத்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டால், கடைசி நேர்முகத்திலிருந்து 45 நாளுக்குள், ஆள் எடுத்தாகிவிட்டதா இல்லையா என்று வந்தவருக்குச் சொல்லியாக வேண்டும். நமக்குச் சட்டம் வந்தால்தான் ஆகுமா? ஜவுளிக்கடை முதலாளியோ, பள்ளிக்கூடத் தாளாளரோ, பெரிய கம்பெனி ஹெச்.ஆரோ, யாராக இருந்தாலும் இரண்டு வரி போதும். 'இந்த முறை உங்களை எடுக்க முடியவில்லை. வந்ததற்கு நன்றி.' எழுத ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷத்தில் எங்கேயோ ஒரு வீட்டில் ஓர் அம்மா நிம்மதியாகத் தூங்கப் போவாள்.

குபேர லிங்கத்தில் நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் ஓர் அம்மா, பையன் ஹால் டிக்கெட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் இவர் முகம் மாறிவிட்டது. 'போன வாரம் ஒரு பொண்ணு சார், தமிழ் மீடியம் சர்டிபிகேட் இல்லாம அப்ளை பண்ண வந்துச்சு. ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து தமிழ்ல படிச்சதுக்கு ஆதாரம் வேணும்னே அதுக்குத் தெரியல. உக்கார வெச்சு, எந்த ஸ்கூல்ல போய் யாரைப் பார்க்கணும்னு எழுதிக் குடுத்து அனுப்பினேன். இல்லாட்டி 20 பர்சன்ட் கோட்டா போயிருக்கும்.'

அவர் சொன்னது எனக்கு இன்னொரு பழைய சங்கதியை நினைவுபடுத்தியது. அவருடைய செங்கத்தைப் பற்றியதுதான். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு நூல். நன்னன் என்கிற தலைவனுடைய செங்கண்மா என்ற ஊர்தான் இன்றைய செங்கம் என்பார்கள். நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தர்கள், வழியில் பரிசு கிடைக்காத இன்னொரு கூட்டத்தைப் பார்க்கிறார்கள். 'எங்களுக்குக் கிடைத்துவிட்டது' என்று பேசாமல் போகவில்லை. எந்த வழியில் போக வேண்டும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கிறது, தினைப்புனத்தில் யானை விரட்ட எறிகிற கல் எங்கே வந்து விழும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புகிறார்கள். ஆற்றுப்படை என்று இதற்குப் பெயர். முன்னால் போனவன் பின்னால் வருகிறவனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கிய ஊர்க்காரர்கள் நாம்.

'புலவருக்குப் பாட்டாவது இருந்தது, எனக்கு என்ன இருக்கு என்று கேட்டீங்களே தம்பி. நீங்க தினமும் அந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்கிறது ஆற்றுப்படைதான்' என்றேன். 'ஒரே ஒரு வித்தியாசம். அந்தக் கூத்தர்கள் பரிசு வாங்கிய பிறகு சொன்னார்கள். நீங்கள் வாங்காமலே சொல்கிறீர்கள்.'

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதனால் அவருக்கு வேலை கிடைத்துவிடாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஈசான்ய லிங்கம் வந்தபோது கிழக்கே லேசாக வெளுக்க ஆரம்பித்திருந்தது. பிரிகிற நேரம். போனை எடுத்தார். மெயில் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

'அந்த கன்சல்டன்சிக்காரரு இன்னிக்குள்ள பதில் சொல்லச் சொல்லியிருக்காரு சார். விடிஞ்சதும் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்.' கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். 'அவரையாவது காக்க வைக்காம சொல்லிடணும் இல்லையா?'